இஸ்ஸா, ஆரா?

1974-ல் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் டைப் அடித்துக் கொண்டுபோய் வைத்தேன். 'தி லிஸ்ட் ஆஃப் டிஃபால்டர்ஸ் ஆர் என்க்ளோஸ்ட்' என்று ஒரு வரி. மேனேஜர் 'ஆர்' என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "ஏம்ப்பா, லிஸ்டை இணைச்சிருக்கியா, இல்ல கடன் பாக்கிக்காரங்களையே கவருக்குள்ள போட்டுட்டியா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பி.யூ.சி.யில் ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கியவன் நான்!

போன வாரம், கல்லூரியில் படிக்கும் பேத்தி ஒரு வேலை விண்ணப்பத்தைக் காட்டினாள். 'தி ரிசல்ட்ஸ் ஆஃப் மை ப்ராஜெக்ட் இஸ்...' அதே தப்பு, தலைகீழாக. "கேட்க சரியாத்தானே தாத்தா இருக்கு?" என்றாள்.

காதை நம்பினால் இப்படித்தான். தமிழில் 'பாக்கிதாரர்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது' என்போம். அடைமொழி எவ்வளவு நீண்டாலும் முன்னால் போய்விடும். முக்கியச் சொல்லான 'பட்டியல்' கடைசியில், பெரும்பாலும் வினைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். ஆங்கிலத்திலோ 'லிஸ்ட்' முதலில் வந்துவிடுகிறது; பிறகு 'ஆஃப்', 'ஹூ', 'விச்' என்று வால் நீளுகிறது. வினைக்குப் பக்கத்தில் நிற்பது அந்த வாலின் நுனி. ஆங்கிலேயர்களே இதில் இடறுவதுண்டு.

நம் வயதுக்காரர்கள் ரென் அண்ட் மார்ட்டினை வைத்துக்கொண்டு 'அனாலிசிஸ்' செய்தது நினைவிருக்கும். அமெரிக்காவில் ரீட், கெல்லாக் என்ற இருவர் 1877-ல் வெளியிட்ட புத்தகத்தில் வாக்கியத்தைப் படமாகவே வரைந்தார்கள். எழுவாயும் வினையும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அடைகள் கீழே தொங்கும். அப்படி வரைந்திருந்தால் என் டிஃபால்டர்கள் கீழே தொங்கியிருப்பார்கள், எனக்கும் மானம் போயிருக்காது.

பேசப் பேச வந்துவிடும், இலக்கணம் எதற்கு என்கிறார்கள் இப்போது. வீட்டில் ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகளுக்கு அது சரி. நாள் முழுக்கத் தமிழ் கேட்கும் பிள்ளை எந்தக் காதை நம்பும்? நவுன் கிளாஸ், அட்ஜெக்டிவ் கிளாஸ் என்று பெயர் சொல்லச் சொல்லி எங்களை வதைத்ததெல்லாம் வீண்தான், அது போகட்டும். எழுவாயில் எது தலை, எது வால் என்று பிரிக்கும் பயிற்சியையாவது பள்ளிகள் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

பேத்தியிடம், "'ஆஃப் மை ப்ராஜெக்ட்'டை விரலால் மறைச்சுட்டுப் படி" என்றேன். படித்தாள். 'ஆர்' என்று திருத்தினாள். பிறகு அவளாகவே அடுத்த வரியிலும் விரலை வைத்தாள்.