தவளைக்கு மருந்து தாவரத்தில் உண்டோ?

பிசான நடவு முடிந்த வயல்களில் இரவெல்லாம் தவளைகளின் ஒலி கேட்கும். பொருநைக் கரையில் பிறந்த நமக்கு அது தாலாட்டாகவே பழகிவிட்டது. பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தான் தின்று, கூலி கேளாமல் உழவருக்குத் துணைநிற்கும் அவ்வுயிர் நோயுற்றால் கவலைப்படுவார் யார்?

ரானா வைரஸ் என்றொரு நச்சுயிரி வகை உண்டு. தவளை, மீன், ஆமை ஆகிய மூன்றையும் அது தாக்கும். குளத்துத் தலைப்பிரட்டைகளைக் கூட்டம் கூட்டமாக மடியச் செய்யவும் வல்லது. இது எங்கோ நிகழும் செய்தியன்று. நம் நாட்டில் கொய் என்னும் அழகு மீன்கள் திரளாக இறந்தபோது, அவற்றிலிருந்து இந்நச்சுயிரியைப் பிரித்தறிந்து 2015இல் ஆய்வுரை வெளியிட்டோர், அண்டையிலுள்ள தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியினரே.

தாவர வளரூக்கிகள் இந்நச்சுயிரியை அடக்குமா என்பது ஆராயத்தக்க வினா. 1979இல் இங்கிலாந்து அறிஞர் ஒயிட், புகையிலைச் செடிக்கு ஆஸ்பிரின் செலுத்தியபோது அது தேமல் நச்சுயிரியை எதிர்த்து நின்றதைக் காட்டினார். ஆஸ்பிரின், சாலிசிலிக் அமிலத்தின் வழிவந்த பொருள். அவ்வமிலமோ செடி தானே உண்டாக்கும் வளரூக்கி. செடியைக் காத்தது தவளையைக் காவாதோ என எண்ணத் தோன்றும்.

வினா நன்று, விடையில் விரைவு கூடாது என்பதே நம் கருத்து. அவ்வமிலம் செடியின் தற்காப்பு அமைப்பைத் தூண்டியே நோயைத் தடுக்கிறது. அத்தகைய அமைப்பு தவளைக்கு இல்லை. மேலும், தவளை தோலாலும் மூச்சுவிடும் உயிர். நீரில் கலந்தது அதன் உடலிலும் கலக்கும். ஆக்சின் என்னும் வளரூக்கியை ஒத்துச் செயற்கையாக ஆக்கப்பட்ட 2,4-டி, நெல்வயலில் களைக்கொல்லியாகப் பயன்படுவதை உழவர் அறிவர். அளவறியாமல் நீரில் இடும் மருந்து நஞ்சாகிவிடக் கூடும். எனவே ஆய்வுக்கூட உயிரணுக்களில் முதலில் சோதித்து, எந்த அளவு நச்சுயிரியை அடக்கும், எந்த அளவு உயிருக்குத் தீங்கு செய்யும் என்று தெளிந்த பின்னரே குளத்தை நெருங்க வேண்டும்.

அதற்கும் முன்னே நம் தவளைகளை நாம் அறிதல் வேண்டும். திருவில்லிபுத்தூர் மலைச்சரிவில் வாழும் பன்றிமூக்குத் தவளையினம் ஒன்று, 2017இல்தான் புதிய இனமென அறிவியல் பெயர் பெற்றது. பொதிகைச் சரிவில் இன்னும் எத்தனை காத்திருக்கின்றனவோ!

மாணவச் செல்வங்களே! குளத்தில் தவளைகள் கூட்டமாக இறந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். நாள், இடம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, விலங்கியல் ஆசிரியரிடம் தெரிவியுங்கள். வளர்ப்பு மீன்களை ஆற்றிலும் குளத்திலும் விடாதீர்கள். ஊர்ப் பெரியோர்களும் இதனை இளையோர்க்கு எடுத்துரைக்க வேண்டுகிறோம். மருந்து கிடைக்கும் நாள்வரை, நோய் பரவாமல் காப்பது நம் கையில் உள்ளது.