அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காதீர்கள்

ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருக்கும் குதிரையைக் கூட்டமாகப் போய்ப் பார்த்துவருவது அன்பு ஆகாது என்பது என் கட்சி. இதை ஊரில் சொன்னேன், சிலருக்கு வருத்தம். வாயால் சொல்வது பாதி காற்றில் போய்விடும். நாற்பது வருஷம் ஃபைலில் குறிப்பு எழுதியே பழகிய கை என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். மலையடிவாரத்தில் எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு வெள்ளைக் குதிரை வைத்திருக்கிறான். மாப்பிள்ளை ஊர்வலம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் வாடகைக்கு விடுவான். எங்கள் அரியூர் நாட்டுத் திருவிழாவுக்கும் வந்து ஆடிய குதிரை என்பதால் இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூட அதைத் தெரியும். அதற்குத் திடீரென்று வயிற்றுவலி. டாக்டர்கள் கோலிக் என்பார்கள். சமவெளியில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து, முறுக்கிக்கொண்ட குடலைச் சரிசெய்து மூடினார்கள். குதிரை பிழைத்தது. உடனே இங்கிருந்து ஒரு வேன் பிடித்து, எழுபது கொண்டைஊசி வளைவும் இறங்கி, வாழைத்தார், வெல்லம், அன்னாசி சகிதம் நலம் விசாரிக்கப் போனார்கள். துணைக்கு நானும் போனேன்.

குதிரையின் வயிறு நம் வயிறு மாதிரி அல்ல. அதற்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது ஒத்துக்கொள்ளாவிட்டால் மேல்வழியே திரும்பி வர வழியில்லை. இரைப்பை சிறிது, குடலோ மிக நீளம். அந்தப் பெருங்குடலும் வயிற்றுக்குள் இறுகக் கட்டப்படாமல் தளர்வாகக் கிடப்பதால் இடம் மாறும், முறுக்கிக்கொள்ளும். மயக்க மருந்து இன்னொரு கண்டம். மனிதருக்கு அதனால் சாவு பல்லாயிரத்தில் ஒன்று. நல்ல ஆரோக்கியமான குதிரைக்கே ஏறக்குறைய நூற்றில் ஒன்று. கோலிக் வந்த குதிரைக்கு அதைவிட அதிகம். மயக்கம் தெளிந்து எழுந்து நிற்கும்போது தடுமாறிக் காலை முறித்துக்கொள்வதும் உண்டு.

இத்தனையும் தாண்டி நிற்கிற பிராணிக்குக் கைப்பிடி கைப்பிடியாகப் புல் கொடுத்து, சாணம் எப்படிப் போகிறது என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே நம்மவர் ஒருவர் வெல்லக்கட்டியை நீட்டுகிறார். காவலுக்கு நின்ற பையன் தடுத்தால், "ஒரு துண்டுதானே தம்பி, ஆசையாக் கொண்டாந்தோம்" என்கிறார். யாருடைய ஆசை? குதிரை கேட்டதா?

வெல்லத்தையாவது தடுத்துவிடலாம். தடுக்க முடியாத ஒன்றைப் போன அத்தனை பேரும் மாறி மாறிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். "தை முகூர்த்தத்துக்கு வந்துடுமில்ல தம்பி?" என்ற கேள்விதான் அது. அந்தப் பையனின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கடன் வாங்கி வைத்தியம் பார்த்திருக்கிறான். நான்கைந்து கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறான். வாங்கிய பணம் மருந்துக்கும் தீனிக்கும் போய்விட்டது. அட்வான்ஸ் கொடுத்தவர்களில் இரண்டு பேர் அந்த வேனிலேயே இருந்தார்கள்! "வந்துடும் மாமா" என்று சொல்வதைத் தவிர அவனால் வேறென்ன சொல்ல முடியும்?

வரக்கூடாது. தையல் போட்டிருப்பது அடிவயிற்றில். அத்தனை குடலின் பாரமும் அந்தத் தையல்மேல்தான் தொங்குகிறது. சுமார் ஒரு மாதத்துக்கு மேல் லாயத்திலேயே வைத்து, கையில் பிடித்து மெல்ல நடத்த வேண்டும். பிறகு சில வாரம் சின்ன வேலிக்குள் விடலாம். வேலைக்குத் திரும்ப மூன்று மாதமாவது ஆகும். இது எல்லாக் குதிரைக்கும் பொதுவான கணக்கு. ஊர்வலக் குதிரையின் வேலையோ இன்னும் மோசம். பேண்டு வாத்தியமும் வாணவேடிக்கையும் நடுவே அதைப் பின்னங்காலில் நிறுத்தி ஆடவிடுகிறோம். ஆறாத வயிற்றுக்கு அதைவிடக் கெடுதல் வேறு வேண்டாம்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 2016 மார்ச் 14 அன்று டேராடூனில் ஓர் ஆர்ப்பாட்டத்தின்போது சக்திமான் என்ற போலீஸ் குதிரையின் பின்னங்கால் முறிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காலை எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். தலைவர்கள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன, யார் குற்றவாளி என்று கட்சிகள் அடித்துக்கொண்டன. ஏப்ரல் 20 அன்று அது இறந்துபோனது. டாக்டர்கள் பாடுபட்டார்கள், அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்து வாரமும் நாடு குதிரையைவிடக் கட்சிகளைத்தான் அதிகம் பார்த்தது.

அமெரிக்காவில் பார்பரோ என்ற பந்தயக் குதிரையின் கதை இன்னும் பெரியது. 2006 மே மாதம் கென்டக்கி டெர்பியில் ஜெயித்த அது, இரண்டு வாரம் கழித்து அடுத்த பந்தயத்தில் பின்னங்காலை முறித்துக்கொண்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. ஜனங்கள் ஆப்பிளும் கேரட்டும் பூவும் வாழ்த்து அட்டையும் அனுப்பிக் குவித்தார்கள். உடைந்த கால் தேறி வரும்போது மற்றக் காலில் லேமினைட்டிஸ் என்ற நோய் வந்தது. குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் திசு நொந்து விட்டுப்போவதுதான் அது. உடம்பின் பாரம் ஒரே பக்கம் விழுந்தால் வரும். 2007 ஜனவரி 29 அன்று அதற்குக் கருணைக்கொலை ஊசி போட்டார்கள். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் ஒரு பழமொழி சொல்லித்தந்தார்கள்: பாதம் இல்லையேல் குதிரை இல்லை. அன்று அது எழுத்துப் பயிற்சிக்கு ஒரு வரி, அவ்வளவுதான். அதன் பொருள் பார்பரோ செய்தி படித்தபோதுதான் விளங்கியது.

ஒன்று மட்டும் அங்கே நம்மைவிட நன்றாக நடந்தது. பார்பரோவின் பெயரால் அந்த மருத்துவமனைக்கும், லேமினைட்டிஸ் ஆராய்ச்சிக்கும் நன்கொடை சேர்ந்தது. ஆப்பிள் கூடை வாடிவிட்டது. கொடுத்த பணம் இன்னொரு குதிரைக்கு உதவும்.

"ஒரு குதிரைக்கு இத்தனை செலவா? வேறு வாங்கிக்கொள்ளலாமே" என்று ஒரு கட்சி. அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைப் பிரான்சில் லியோன் நகரத்தில் 1761-ல் அரசு அனுமதி பெற்று ஏற்படுத்தியவர் க்ளோத் பூர்ஷெலா. அவர் குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். குதிரையை அறிந்தவர் போட்ட விதைதான் இன்று நம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் வைத்தியமாக வளர்ந்து நிற்கிறது. சென்னை வேப்பேரியில் 1903-ல் வந்த கல்லூரியும், நம் நாமக்கல்லில் 1985-ல் வந்த கல்லூரியும் அந்த மரத்தின் கிளைகள். இந்தியாவில் 2012 கணக்கெடுப்பில் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகள் 2019-ல் மூன்றரை லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. குதிரை குறைந்தால் குதிரை வைத்தியம் கைவந்த டாக்டர்களும் குறைவார்கள். இருப்பதைக் காப்பாற்றுவது வீண்செலவு ஆகாது.

"பார்க்கக்கூட வேண்டாமென்றால் மனுஷன் எதற்கு?" என்று இன்னொரு கட்சி. பாருங்கள், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு, இரண்டு பேராக, கையில் ஒன்றும் இல்லாமல். குதிரை பயந்த சுபாவம். நோய் வந்த குதிரை கூட்டத்தைக் கண்டால் மிரண்டு துள்ளும். ஒரு லாயத்தில் நின்ற செருப்போடு அடுத்த லாயத்துக்குப் போனால் கிருமியும் கூடவே போகும்.

செம்மேட்டில் குதிரைமேல் இருக்கும் வல்வில் ஓரிக்கு ஆடி மாதம் அரசு விழா எடுக்கிறது, நாமும் போய்க் கும்பிடுகிறோம். ஓரி என்ற சொல்லுக்கே பிடரிமயிர் என்று ஒரு பொருள் உண்டு, அவன் குதிரைக்கும் அதே பெயர் என்பார்கள். ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைப்பவர்களும் நாம்தான். சிலைக்கும் மண்ணுக்கும் இத்தனை மரியாதை செய்கிற ஊரில் உயிருள்ள குதிரைக்கு மூன்று மாத லீவு தர மனம் வரவில்லை. அரசாங்கத்தில் ஒரு பியூனுக்கு ஆபரேஷன் என்றால்கூட மெடிக்கல் சர்ட்டிபிகேட் வைத்தால் லீவு உண்டு. எத்தனையோ பேருக்கு அந்தக் குறிப்பை நான் என் கையால் எழுதியிருக்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை மூன்று. வேன் வாடகைக்குப் பிரித்த மாதிரியே இன்னொரு முறை பணம் பிரியுங்கள், அது வைக்கோலுக்கும் புல்லுக்கும் போகட்டும். "எப்போ வரும்" என்று கேட்பதை விட்டு, "டாக்டர் எப்போ விடச் சொன்னார்" என்று கேளுங்கள். தை மாதக் கல்யாணம் வைத்திருப்பவர்கள் மாப்பிள்ளையைக் காரில் அழைத்து வாருங்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காதீர்கள். வைகாசியில் இன்னொரு கல்யாணம் வராமலா போகும், அப்போது கழித்துக்கொள்ளலாம்.