பந்தல்குடிக்காரி குடியிருப்பது எங்கே?

திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணைப் ‘பந்தல்குடிக்காரி’ என்று சொன்னால், அவர் பந்தல்குடியில் இல்லை என்று அர்த்தம். அங்கே பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பெயர்தான் நிற்கிறது. பந்தல்குடிக்குள்ளே யாரும் யாரையும் அப்படி அழைப்பதில்லை, தேவையும் இல்லை. நமக்கு வந்து சேரும் வட்டாரச் சொல்லடைவுகளோ, ஊர்ப்பெயரோடு ‘-காரர்’, ‘-காரி’ சேர்ந்தால் ‘அவ்வூரில் வசிப்பவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன.

தொல்காப்பியம் நிலப்பெயரையும் குடிப்பெயரையும் தனித்தனியே எண்ணுகிறது. உரையாசிரியர்கள் முன்னதற்கு அருவாளன், சோழியன் என்று காட்டுகிறார்கள். இலக்கணம் அதோடு நின்றுகொள்ளலாம், அகராதிக்காரர் நிற்க முடியாது.

இந்த வட்டாரத்தில் சிக்கலான சொல் ‘ஊர்க்காரர்’தான். வாடகை வீட்டில் வெகுகாலமாக இருக்கும் ஆசிரியரைப் பற்றிக் கேளுங்கள்: “வாத்தியார் இங்கன குடியிருக்காரு, அவருக்கு ஊரு காரியாபட்டிப் பக்கம்” என்பார்கள். பிழைப்புக்குத் திருப்பூர் போய், பொங்கலுக்கு மட்டும் தலைகாட்டுகிறவர் கோயில் தலைக்கட்டு வரியைத் தவறாமல் கொடுத்தால் அவர் ஊர்க்காரர். இருப்பு வேறு, ஊர் வேறு. மானம் பார்த்த பூமியில் ஆள் வெளியே போய்த்தான் ஆகவேண்டும் என்பதால், இரண்டையும் பிரித்துப் பேசும் பழக்கம் இங்கே இன்னும் அழுத்தமாக இருக்கிறது என்பது என் கணிப்பு.

வரி கொடுப்பவரே ஊர் என்பது புதிய வழக்கமும் அல்ல. கல்வெட்டுகளில் வரும் ‘ஊரார்’, ஊரில் குடியிருந்த எல்லாரும் இல்லை. நிலவுரிமையோடு ஊர்க்காரியத்தை நடத்திய குழுவினர். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் சோழர்காலக் கல்வெட்டுகளைச் சொல் சொல்லாக எண்ணி ஆராய்ந்த பிறகு, ‘ஊரார்’ என்பதை வெறுமனே ‘கிராம மக்கள்’ என்று பெயர்ப்பது கூசவேண்டிய காரியமாகிவிட்டது. திருச்சுழியை ஒட்டிய பள்ளிமடத்துப் பாண்டியர் கல்வெட்டுகளைப் படிக்கப்போகும் இளைஞர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். அங்கே வரும் ‘பருத்திக்குடி நாடு’ என்ற பெயரைப் பார்த்ததும் கரிசல், பருத்தி என்று மனம் ஓடிவிடும். பக்கத்தில் வரும் சாதாரணச் சொற்கள்தான் கண்ணில் படாமல் போகும்.

இன்னொன்றை மழுப்பக் கூடாது. ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் ‘ஊர்’, ‘காலனி’ என்று இரண்டு இருக்கின்றன. காலனியில் இருப்பவர் ‘ஊர்க்காரங்க’ என்றால் அது தன்னைச் சேர்க்காத சொல். ஊருக்குள் இருப்பவரிடம் மட்டும் கேட்டு எழுதிய பதிவில் இந்தப் பொருள் வரவே வராது. அப்படி வந்த பதிவைத் தரவு என்று ஏற்க எனக்குச் சம்மதமில்லை.

சட்டம் வேறு திசையில் போகிறது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, ஓர் இடத்தில் வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார். தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் அந்தத் தகுதியை இழக்கவும் மாட்டார். திருப்பூர்க்காரராகிவிட்ட நம் ஊர்க்காரர் படிவத்தோடு வரும் அலுவலர் முன்னால் திகைப்பது இதனால்தான். “எந்த ஊரு?” என்று கேட்டால் ஒரு பதில், “எங்க இருக்கீங்க?” என்று கேட்டால் வேறு பதில். கணக்கெடுப்புப் படிவங்களைத் தமிழாக்கும் நண்பர்கள் இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிவிடாமல் இருக்கவேண்டும்.

கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, நண்பர்களைக் கூட்டிக்கொண்டு அவர் செய்த வேலை அது. நம்மிடம் இப்போது ஒலிப்பதிவுக் கருவி கைபேசியிலேயே இருக்கிறது. ஆகவே அடுத்த இதழுக்கு அனுப்பும் சொற்சீட்டுகளில் பொருளோடு மூன்று விவரங்களையும் எழுதுங்கள்: சொன்னவர் ஊரில் எந்தப் பகுதியில் இருக்கிறார், யாரைப் பற்றிச் சொன்னார், எந்த ஊரில் நின்று சொன்னார். பெயர் வேண்டாம். மூன்றாவது விவரம் இல்லாத ‘-காரர்’ சீட்டுகளைத் திருப்பி அனுப்பப்போகிறோம்.