படிக்க முடியாத எண்

நொடிக்கு ஓர் இலக்கம் வீதம் இரவு பகல் பாராமல் படித்தாலும் முடிக்க 475 நாள் பிடிக்கும். அப்படி ஓர் எண் பகா எண் என்று 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அன்றுவரை கண்டறியப்பட்ட பகா எண்களில் அதுவே மிகப் பெரியது. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். ஒன்றும் அதே எண்ணும் தவிர வேறு எதுவும் அதை மீதியின்றி வகுக்காது என்கிறார்கள். யாரும் அதை முழுதாகப் படிக்கப் போவதில்லை. பிறகு எப்படி நம்புவது?

சந்தேகம் நியாயமானதே. பெரியவர் சொல்லிவிட்டார் என்று நம்பிக் கணிதம் ஏமாந்த வரலாறு உண்டு. மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 7. ஐந்து இரண்டுகள் என்றால் 31. இரண்டுமே பகா எண்கள். இன்னும் எத்தனை இரண்டுகளுக்கு இது பொருந்தும் என்று 1644ல் பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென் ஒரு பட்டியல் தந்தார். அதில் 67ம் இருந்தது. 1876ல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அது தவறு என்று நிரூபித்தார். ஆனால் அந்த எண்ணை எது வகுக்கும் என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை.

விடை 1903ல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் வந்தது. ஃபிராங்க் நெல்சன் கோல் வாய் திறக்காமல் கரும்பலகையில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்பார்கள். விடை 147573952589676412927. மெர்சென் பகா எண் என்று சொன்ன அதே எண்!

வகுத்துப் பார்க்காமலே லூக்கா எப்படிக் கண்டுபிடித்தார்? அவர் வகுத்து, பின்னர் லெஹ்மர் செப்பனிட்ட சோதனை எளிமையானது. 4ல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்தால் 14. அதை 7 வகுக்கிறது. எனவே 7 பகா எண். 31க்கு மூன்று சுற்று: 14, 194, 37,634. கடைசி எண்ணை 31 மீதியின்றி வகுக்கும், ஈவு 1,214.

2024ன் எண்ணில் 13,62,79,841 இரண்டுகள். சோதனை அதேதான், சுற்றுகள்தான் 13 கோடிக்கும் மேல். அமெரிக்கரான லூக் டுரான்ட் பல நாடுகளில் இருந்த கம்ப்யூட்டர்களை இணைத்து இதைக் கண்டுபிடித்தார். வேறு இயந்திரங்களிலும் வேறு புரோகிராம்களிலும் சரிபார்த்த பிறகே அறிவிப்பு வந்தது.

இதனால் என்ன லாபம்? இந்த எண்ணால் நேரடியாக ஒன்றுமில்லை. இன்டர்நெட்டில் ரகசியம் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டுக்குச் சில நூறு இலக்கப் பகா எண்களே போதும். ஆனால் அந்தப் பூட்டின் பலம் கோலின் கரும்பலகையில் தெரிந்ததுதான்: பெருக்குவது சில நிமிட வேலை, பெருக்கியதைப் பிரிப்பது பெரும்பாடு.

மெர்சென்னின் புகழ் 147573952589676412927ஐப் பகா எண்ணாக்கவில்லை. கம்ப்யூட்டரின் வேகமும் மட்டும் போதாது. சந்தேகப்படுகிறவர் யாராயினும் 4ல் இருந்து தொடங்கலாம்.