பிரியாணித் தட்டுக்கு அப்பால் ஹமீதா பானு

1954 மே மாதம் பரோடாவில் ஒரு குஸ்தி. ஒரு பக்கம் பாபா பயில்வான், எதிரே ஹமீதா பானு. 1 நிமிடம் 34 விநாடிகளில் பாபா மண்ணைக் கவ்வினார். அத்தோடு தொழில்முறைக் குஸ்திக்கே முழுக்குப் போட்டார். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே ஹமீதா சவால் விட்டிருந்தார்: தன்னைத் தோற்கடிப்பவரை மணந்துகொள்வதாக. பாட்டியாலாவிலிருந்து ஒருவர், கல்கத்தாவிலிருந்து ஒருவர் என இரண்டு ஆண் சாம்பியன்கள் வந்து தோற்றுப் போயிருந்தார்கள். பரோடாவில் முதலில் மோத வேண்டியவர், மகாராஜாவின் ஆதரவு பெற்ற சோட்டே காமா பயில்வான். பெண்ணோடு மோத மாட்டேன் என்று அவர் கடைசி நேரத்தில் நழுவிக்கொண்டார்.

ஹமீதா பிறந்தது உத்தரப் பிரதேசத்து மிர்சாபூரில். அலிகாரில் சலாம் பயில்வானிடம் வித்தை பயின்றவர். அதனால் பத்திரிகைகள் ‘அலிகாரின் அமேசான்’ என்றன. உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 108 கிலோ. 2024 மே 4 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டபோது நம்மவர்கள் பலரும் முதலில் பேசியது இரண்டு சங்கதிகள்: அந்தக் கல்யாணச் சவால், அப்புறம் சாப்பாட்டுப் பட்டியல். தினமும் 5.6 லிட்டர் பால், ஒரு கோழி, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஆட்டிறைச்சி, அரைக் கிலோ வெண்ணெய், 6 முட்டை, இரண்டு தட்டு பிரியாணி. படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு மணி நேரப் பயிற்சியும் அதே பட்டியலில்தான் வருகிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அவரைக் கோதாவில் யாரும் நிறுத்தவில்லை. வெளியேதான் நிறுத்தினார்கள். புனேயில் ராமச்சந்திர சாலுங்கேயுடன் ஏற்பாடாகியிருந்த போட்டி மல்யுத்தச் சங்கத்தின் எதிர்ப்பால் ரத்தானது. கோலாப்பூரில் ஆண் பயில்வானை வென்றதற்குக் கூட்டம் கல்லெறிந்தது. பம்பாய் மாநிலத்தில் தடை வந்தபோது, முதலமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாயிடமே ஹமீதா முறையிட்டார். பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, போட்டி நடத்துபவர்கள் ‘டம்மி’ ஆட்களை அவருக்கு எதிரே நிறுத்துவதாகப் புகார் வந்திருக்கிறது என்று பதில் வந்தது.

அந்தப் புகாரை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. அன்றைய தொழில்முறைக் குஸ்தி பாதி விளையாட்டு, பாதி வேடிக்கை. ஹமீதாவின் ஒரு போட்டிக்குப் பிறகு, கால் ஊனமான ஒருவரும் பார்வையற்ற ஒருவரும் மோதுவதாக நிகழ்ச்சி நிரல் இருந்ததை வரலாற்றாசிரியர் ரணஜாய் சென் எடுத்துக்காட்டுகிறார். சரி, டம்மியை நிறுத்தியவர் யார்? டிக்கெட் விற்ற ஏற்பாட்டாளர். தண்டனை யாருக்கு? ஹமீதாவுக்கு. பயில்வான்கள் தாரா சிங், கிங்காங் மோதல்களிலும் நாடகம் கலந்திருந்தது என்று ஊரே பேசியது. அதனால் அவர்கள் பெயர் கெட்டுவிடவில்லை. ‘பெரிய தாரா சிங்னு நெனப்பு’ என்று தமிழ் வாய்மொழியிலேயே ஏறிக்கொண்டது.

பெண்ணின் பலம் நமக்குப் புதிதா என்ன? விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று அங்கே உருவாகும் சரக்கில் பெண்களின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. களிமண் குழம்பை அச்சில் ஊற்றுவதும், காய்ந்ததைச் சூளைக்குத் தூக்கிக்கொண்டு போவதும் தோள்பலம் கேட்கிற வேலை. வீட்டுக்குப் போனால் தண்ணீர்க் குடம் காத்திருக்கும். இந்தப் பலத்தைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை, அது கூலிக்குப் போகிறவரை. அதே தோளைக் கோதாவில் இறக்கி, ஆயிரம் பேர் பார்க்க ஓர் ஆணைக் குப்புறத் தள்ளினால்தான் பண்பாடு ஞாபகத்துக்கு வருகிறது.

1954இலேயே பம்பாயில் ரஷ்யாவின் ‘பெண் கரடி’ எனப்பட்ட வேரா சிஸ்டிலினை ஹமீதா ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். அடுத்தது ஐரோப்பா என்று அறிவித்தார். போகவில்லை. அதைத் தடுக்க சலாம் பயில்வானே அவர் கையை அடித்து முறித்தார் என்று ஹமீதாவின் பேரன் பிற்காலத்தில் பிபிசியிடம் சொன்னார். கற்றுக்கொடுத்த குருவே இதைச் செய்தார் என்பது உண்மையானால், கல்லெறிந்த கூட்டமெல்லாம் எம்மாத்திரம்? பிறகு கல்யாணில் பால் விற்றும், சில கட்டடங்களை வாடகைக்கு விட்டும், பணம் போதாதபோது சாலையோரம் பலகாரம் விற்றும் பிழைத்தார். 1986இல் இறந்தார்.

பெண்கள் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் நுழைந்தது 2004இல், ஏதென்ஸில். ரியோவில் 2016இல் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வாங்கினார். ஹமீதா திறந்த வழி என்று இதைச் சொல்வது வழக்கம். அப்படி ஒரு நேர்க்கோடு இருப்பதாகத் தெரியவில்லை. அவரைக் கேள்விப்படாமலேயே ஹரியானாப் பெண்கள் களத்துக்கு வந்திருக்கலாம். தொடர்ந்து வந்தது வேறொன்று. மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் தொல்லைப் புகார் சொல்லி, 2023இல் சாக்‌ஷியும் வினேஷ் போகட்டும் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மே 28 அன்று போலீஸ் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. டிசம்பரில் பிரிஜ் பூஷணுக்கு நெருக்கமான சஞ்சய் சிங்கே கூட்டமைப்பின் தலைவரானதும், சாக்‌ஷி தன் காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டு மல்யுத்தத்தை விட்டே விலகினார். அப்போது அவருக்கு வயது 31.