ஏரியைச் சுற்றி ஒரு சைக்கிள் ரைடு: பாலக்காடு, இடுக்கியில் வட்டம் ஏன் முழுமையாவதில்லை?

கொடைக்கானல் போன எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் எடுப்போம். சுமார் 5 கி.மீ. மிதிப்போம். கிளம்பிய இடத்துக்கே வந்து, சூடா ஒரு டீ குடிப்போம். பிறகு வேலைக்குப் போய், கியர் சைக்கிள் வாங்கி, ஞாயிறு காலை 50 கி.மீ. ஓட்டப் பழகியதும் அடுத்த ஆசை வரும்: இதே மாதிரி ஒரு பெரிய ஏரியை, மலைகளுக்கு நடுவே, ஒரு முழுச் சுற்று சுற்றணும்.

கோவை, திருப்பூர், மதுரை, தேனி பக்கம் இருப்பவர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவை கேரள எல்லையை ஒட்டிய நீர்நிலைகள். பாலக்காட்டில் மலம்புழா, பரம்பிக்குளம். இடுக்கியில் மாட்டுப்பட்டி, குண்டலா, ஆனயிறங்கல். மேப்பில் எல்லாமே அழகான நீலத் திட்டுகள். ஆனால் இவற்றில் எதையும் கொடைக்கானல் ஏரி மாதிரி சுற்றிவிடலாம் என்று நம்பிக் கிளம்பாதீங்க. காரணம் மோசமான சாலை மட்டும் இல்லை.

முதலில், இவை ஏரிகளா?

பேச்சு வழக்கில் ஏரி என்கிறோம். உண்மையில் ஐந்துமே அணை கட்டித் தேக்கிய நீர்த்தேக்கங்கள். மலம்புழா அணை 1955-ல் திறக்கப்பட்டது. அப்போது பாலக்காடு, மதராஸ் மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அணையைத் திறந்துவைத்தவர் முதல்வர் காமராஜர். குண்டலா அணை 1940-களிலும், மாட்டுப்பட்டி 1950-களிலும், ஆனயிறங்கல் 1960-களிலும் மின் உற்பத்தித் திட்டங்களுக்காக வந்தவை.

ஒரு பள்ளத்தாக்கில் அணை கட்டினால் தண்ணீர் வட்டமாக நிற்காது. ஒவ்வொரு ஓடைப் பள்ளத்துக்குள்ளும் விரல் விரலாக நுழையும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கொடைக்கானல் ஏரியின் பரப்பு சுமார் 24 ஹெக்டேர். அது சரியான வட்டமாக இருந்திருந்தால் சுற்றளவு 1.7 கி.மீ. மட்டுமே. நட்சத்திரம் மாதிரி கிளை விரித்திருப்பதால்தான் 5 கி.மீ. மிதிக்கிறோம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

மலம்புழா நீர்த்தேக்கத்தின் பரப்பு சுமார் 23 சதுர கி.மீ. வட்டமாக இருந்தால் சுற்றளவு 17 கி.மீ. அதே மூன்று மடங்கைப் பொருத்தினால் 50 கி.மீ. வரும். இது அளந்து சொன்ன எண் அல்ல, ஒப்பீடு மட்டும்தான். ஆனால் மேப்பில் விரல் வைத்து "20 கி.மீ. இருக்கும், ரெண்டு மணி நேரத்துல முடிச்சிடலாம்" என்று போடும் கணக்கு ஏன் தப்பாகும் என்பது இதிலேயே புரியும்.

மற்ற நாடுகளில் முடிகிறதே?

முடிகிறது. ஜப்பானின் பிவா ஏரியைச் சுற்றி சுமார் 200 கி.மீ. சைக்கிள் தடம் இருக்கிறது. 2019-ல் அந்நாட்டு அரசு அதைத் தேசிய சைக்கிள் தடமாக அறிவித்தது. ஆனால் பிவா இயற்கையான ஏரி. அதன் கரையோரம் ஊர்களும் வயல்களும் ரயில் நிலையங்களும் இருக்கின்றன. நம் நீர்த்தேக்கங்களில் ஒரு கரையில் அணையும் பூங்காவும் படகுத்துறையும் சாலையும் இருக்கும். எதிர்க்கரையில் பெரும்பாலும் காடு. நாம் தேடும் வட்டத்தின் மறுபாதி அந்தக் காட்டுக்குள்தான் போக வேண்டும்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

மலம்புழா: ஐந்தில் எளிதானது. பாலக்காடு நகரிலிருந்து 10 கி.மீ.க்குள் அணைக்கு வந்துவிடலாம். அங்கிருந்து கவா பக்கம் போகும் சாலையில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மலைச்சுவர். இங்கே ரிங் ரோடு என்ற பேச்சு நெடுநாளாக இருக்கிறது. ஆனால் முழு வட்டத்தை நம்பாமல், போய்த் திரும்பும் ரைடாகத் திட்டமிடுவதே நல்லது.

பரம்பிக்குளம்: நிலம் கேரளாவுடையது, அணையை இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாடு. 2022 செப்டம்பரில் இதன் மூன்று மதகுகளில் ஒன்று உடைந்து தண்ணீர் வெளியேறியது நினைவிருக்கலாம். சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழிதான். புலிகள் காப்பகம் என்பதால் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. சைக்கிள் ரைடுக்கான பட்டியலிலிருந்து இதை அடித்துவிடுங்க. வனத்துறை வண்டியில் போய்ப் பாருங்க.

மாட்டுப்பட்டி, குண்டலா: மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் ஒரே சாலையில் இரண்டும் வருகின்றன. மாட்டுப்பட்டி 13 கி.மீ., குண்டலா சுமார் 20 கி.மீ., டாப் ஸ்டேஷன் 32 கி.மீ. போன வழியே திரும்ப வேண்டும். 1,500 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் சமவெளியில் ஓட்டும் அதே வேகத்தில் மூச்சு வாங்கும்.

ஆனயிறங்கல்: மூணாறு–போடிமெட்டு தேசிய நெடுஞ்சாலை 85-ல் போகும்போது, சின்னக்கானல் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கீழே தெரியும். அகலப்படுத்தப்பட்ட 42 கி.மீ. நெடுஞ்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. சாலை அருமை. அதனாலேயே கார்களும் வேகமாக வரும்.

பாலக்காட்டிலிருந்து இடுக்கிக்கு நேராகப் போகலாமா?

முடியாது. இரண்டு மாவட்டங்களுக்கும் பொது எல்லை கிடையாது. வால்பாறையிலிருந்து மூணாறுக்கு மலை வழியாக நேர்ச்சாலையும் இல்லை. எனவே இரண்டு மாவட்ட ஏரிகளையும் ஒரே டூரில் இணைக்க நினைத்தால், தமிழ்நாட்டுக்குள் வந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு ஏறலாம். உடுமலை–மூணாறு மட்டும் சுமார் 85 கி.மீ.; ஏற்றம் 1,200 மீட்டருக்கு மேல். சராசரி சரிவு 1.4% தான் வரும். ஆனால் இந்தச் சராசரியை நம்பக் கூடாது. முதல் பகுதி கிட்டத்தட்ட சமவெளி. ஏற்றம் முழுவதும் சின்னாறுக்குப் பிறகுதான். போடி பக்கம் இன்னும் கடினம்: முந்தலிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 20 கி.மீ.யில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். அதாவது சராசரியே 5%.

மறுகரை யாருடையது?

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது நீர்த்தேக்கத்தின் ஓரங்களில் பசும்புல் முளைக்கும். தண்ணீரும் புல்லும் ஒரே இடத்தில் கிடைப்பதால் யானைகள் அங்கே வரும். மாட்டுப்பட்டிப் பக்கம் வரும் ஒற்றை யானைக்குத் தோட்டத் தொழிலாளர்கள் 'படையப்பா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

'அரிக்கொம்பன்' கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2023 ஏப்ரல் 29-ல் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது கம்பம் நகரத் தெருவில் நின்றது. ஜூன் 5-ல் தமிழக வனத்துறை மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பகுதிக்குக் கொண்டுபோனது. அது முதலில் பிடிபட்ட சின்னக்கானல், ஆனயிறங்கல் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பகுதி.

ஆபத்து இடுக்கியில் மட்டும் இல்லை. 2024 மே மாதம் மலம்புழாவுக்கு அருகே கொட்டேக்காட்டில், ஆற்றைக் கடந்த யானைக் கூட்டத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்த தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். தொழில்முறையில் களத்துக்குப் போனவருக்கே அதுதான் நிலைமை.

சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு: சத்தம் இல்லாதது. கார் வருவது யானைக்கு முன்கூட்டியே கேட்கும். இறக்கத்தில் 40 கி.மீ. வேகத்தில் வரும் சைக்கிள் கேட்காது. வளைவில் திரும்பியதும் இருவருக்கும் அதிர்ச்சி. அதோடு, அதிகாலை 5 மணிக்குக் கிளம்புவது நம் சைக்கிள் குழுக்களின் பழக்கம். காட்டோரச் சாலைகளில் அதுதான் யானைகள் நடமாடும் நேரம்.

மேப்பில் கோடு இருக்கே, போகக் கூடாதா?

ரைடு ஆப்களில் கோடு இருந்தால், யாரோ ஒருவர் ஒருநாள் அந்த வழியே போனார் என்றுதான் அர்த்தம். அனுமதி இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் இறந்தார்கள். அவர்களில் பலர் இதைப் படிக்கும் உங்களைப் போலவே நகரங்களில் வேலை பார்த்த இளைஞர்கள். அது டாப் ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கும் அதே மலைத்தொடர்.

மழைக்காலமும் அப்படித்தான். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு ஏற்பட்டு 70 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த மலைகளில் வாழ்பவர்களுக்கே தப்பிக்க நேரம் கிடைக்கவில்லை.

அப்போ எப்படித் திட்டமிடலாம்?

- வட்டத்தை மறந்துவிடுங்க. போய்த் திரும்பும் தூரமாகக் கணக்கிடுங்க. முதல் முறை என்றால் மலம்புழா, அடுத்து மூணாறு–குண்டலா.
- காட்டோரச் சாலைகளில் காலை 8 மணிக்கு மேல் தொடங்கி, மாலை 4 மணிக்குள் முடியுங்க.
- ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மலைப்பகுதியில் சிவப்பு, ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால் ரூம் பணம் போனாலும் பரவாயில்லை, ரத்து பண்ணுங்க.
- சோதனைச்சாவடியிலும் டீக்கடையிலும் "இன்னைக்கு ஆனை இருக்கா அண்ணே?" என்று கேளுங்க. இந்த மலைகளில் தமிழ் நல்லாவே புழங்கும். எந்த ஆப்பையும் விட அந்தப் பதில் புதுசு.
- யானையைப் பார்த்தால் போனை எடுக்காதீங்க. நின்று, மெதுவாகப் பின்வாங்கி, ஒரு பெரிய வண்டி வரும்வரை காத்திருங்க.

நீர்த்தேக்கங்களைச் சுற்றி முழுச் சாலை வேண்டும் என்ற பேச்சு சுற்றுலா வளர வளரக் கூடும். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மறுபாதியில் சாலை வந்தால், யானைகள் தண்ணீருக்கு இறங்கும் வழி அடைபடும். அவை வேறு வழி தேடி ஊருக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதைக் கம்பம் பார்த்துவிட்டது.

ஆனயிறங்கல் என்ற பெயரைத் தமிழர்களுக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஆனை இறங்கும் இடம். ஒரு கரையில் சைக்கிளை நிறுத்தி, தண்ணீரைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்புங்க.