மழை நாளில் மக்கர் பண்ணும் வண்டி

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்க கொடைரோடு பக்கம் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிடும். பறித்த பூவை நேரத்தோடு நிலக்கோட்டை மார்க்கெட்டில் சேர்த்தால்தான் நாலு காசு. அன்றைக்குப் பார்த்து, ராத்திரி முழுக்க வாசலில் நனைந்த பழைய வண்டி எத்தனை உதை உதைத்தாலும் கிளம்பாது. பூ வியாபாரம் இல்லாத வீட்டிலும் ஜுரத்தில் கிடக்கும் குழந்தையை டாக்டரிடம் தூக்கிப் போக வண்டி வேணுமே! இதை ஆம்பிளைங்க சமாசாரம் என்று விட்டுவிடாதீங்க, சகோதரிகளே. அடுப்புத் திரி மாற்றத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலையே இல்லை.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். பழைய புல்லட், ராஜ்தூத், எஸ்டி மாதிரி வண்டிகளில் பேட்டரி 6 அல்லது 12 வோல்ட்தான். காயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றி, ஒயர் வழியாகப் பிளக்குக்கு அனுப்புகிறது. பிளக் முனையில் பொறி விழுந்தால்தான் பெட்ரோல் பற்றும். ஒயரில் வெடிப்பு இருந்து அதில் ஈரமும் சேர்ந்தால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே எஞ்சின் இரும்பில் இறங்கிவிடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றின கதைதான்! பெருமழைகூட வேண்டாம். கொடைக்கானல் மலை ஏறும்போது மூடுபனி ஈரமே போதும்.

வண்டி கிளம்பவில்லையென்றால் உதைத்துக்கொண்டே இருக்காதீங்க. பெட்ரோல் உள்ளே நிரம்பி, பிளக் இன்னும் நனைந்து போகும். சாவியை அணைத்துவிட்டு, பிளக் கேப்பைப் பிடித்து இழுங்க. ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கேப்பின் உள்பக்கம், ஒயர், பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மூன்றையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்க. பிளக்கைக் கழற்றிப் பார்த்து, நனைந்திருந்தால் துடைத்துக் காற்றில் ஆற விடுங்க. அதற்குள் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகி நாலைந்து தடவை கிக்கரை உதைத்தால், தேங்கின பெட்ரோல் வெளியேறிவிடும்.

அடுத்தது பாயின்ட். அதன் மூடியைத் திறந்து, சுத்தமான தடித்த காகிதத் துண்டை இரண்டு முனைக்கும் நடுவில் விட்டு இழுத்தால் ஈரமும் அழுக்கும் வந்துவிடும். புல்லட்டில் அந்த இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்கணும். அதைச் சரிபண்ணுவதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்க. சில மொபெட்டுகளில் பாயின்ட் மேக்னட் சக்கரத்துக்கு உள்ளே இருக்கும். அதில் நாம் கைவைக்க வேண்டாம்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இருட்டின பிறகு வண்டியை வெட்டவெளியில் ஓடவிட்டு, தள்ளி நின்று பாருங்க. ஒயர் மேலே நீலப் பொறி தெரிந்தால் அந்த ஒயரையும் கேப்பையும் மாற்றிவிட வேண்டியதுதான். கிளம்பாத வண்டிக்கு மெக்கானிக் சொல்லும் பெரிய செலவில் பாதி, இந்தச் சின்னச் சாமானில் அடங்கிவிடும். புது கேப் மாட்டும்போது உள்ளே கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்லுங்க. ஈரம் அண்டாது.

தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயரைத் தொடாதீங்க, ஈரக்கையோடு தொடவே கூடாது. பெட்ரோலில் நனைந்த பிளக்கை அடுப்புத் தீயில் காட்டிக் காயவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது வீட்டையே கொளுத்திவிடும். மழைக்கு ஒதுக்கி வண்டியை நடையில் ஏற்றினால், அங்கே ஸ்டார்ட் பண்ணி ஓடவிடாதீங்க. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உள்ளறையில் தூங்கும் குழந்தைக்கு அது எமன்.

வண்டிக்குத் தார்ப்பாய் போர்த்தினால் டேங்கும் சீட்டும் மூடினால் போதும். தரை வரைக்கும் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே புழுங்கி, எஞ்சின் வேர்த்துப்போகும். ஒரு பழைய பிஸ்கட் டின்னில் புது பிளக் ஒன்று, பிளக் ஸ்பேனர், உலர்ந்த துணி இரண்டு போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்க. புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை செய்து பழகிவிட்டால், அடைமழையிலும் அவசரத்துக்கு வண்டி கைகொடுக்கும்.